கேக் வரிசையில் நின்றவர்கள்

கேள்வி: டிசம்பர் பிறந்தால் கேரள எல்லையில் உள்ள எங்கள் பாறசாலைப் பக்கம் ஸ்டார், குடில் போட்டி, கேரல் வண்டியில் டிஜே என்று ஒரே அமர்க்களம். நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் கேக்குக்குத் தள்ளுமுள்ளு. போதாததற்குக் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் வேறு வரிசையில் வந்து நிற்கிறார்கள். பைபிளில் தேதியே இல்லாத இந்தப் பண்டிகையில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தேதியை முதலில் முடித்துவிடுவோம். பைபிளில் டிசம்பர் 25 இல்லை, சரி. ரோமில் 336-ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாளைக் கொண்டாடியதற்குப் பதிவு உண்டு. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-ல் கொண்டாடுகிறது. என் பாட்டியிடம் பிறந்த தேதி கேட்டால், "தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்" என்பாள் (கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924-ல் வந்த பெருவெள்ளம்). அதற்காக அவள் பிறக்கவேயில்லை என்று யாரும் வாதாடியதில்லை.

உங்கள் கேள்வியை விட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வடநாட்டுக்காரர்கள் 'வேறு' வந்து நிற்கிறார்கள்! அந்த 'வேறு'வைக் கொஞ்சம் பார்க்கலாம்.

லூக்கா சொல்லும் கதையில் ஒரு தச்சர் குடும்பம் குடிமதிப்பு எழுதுவதற்காக நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வருகிறது. எழுதச் சொன்னது ரோமாபுரி அரசன். சத்திரத்தில் இடமில்லை. பிறந்த பிள்ளையை முன்னணையில் கிடத்துகிறார்கள். முன்னணை என்ற சொல் நம் காதுக்கு இப்போது பரிசுத்தமாக ஒலிக்கிறது. அது மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டி, அவ்வளவுதான். செய்தி முதலில் போனதும் அரண்மனைக்கு அல்ல. வயல்வெளியில் ராத்திரி முழுக்க ஆட்டுக்குக் காவல் இருந்தவர்களுக்கு. அவர்களுக்குச் சொல்லப்பட்ட அடையாளம் நட்சத்திரமோ ஒளிவட்டமோ இல்லை. துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தியிருக்கும் ஒரு குழந்தை, அதுதான் அடையாளம்.

விசுவாசிக்குக் கிறிஸ்துமஸின் பொருள் இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. கடவுள் பசிக்கிற, குளிர்கிற, அழுகிற ஓர் உடம்பை எடுத்துக்கொண்டார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' என்று பவுல் எழுதுகிறார். 'வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார்' என்பது யோவான். அந்த 'வாசம்பண்ணினார்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் 'கூடாரம் போட்டார்' என்று பொருள். பாறசாலையில் இன்றைக்குக் கூடாரம் போட்டுத் தங்கியிருப்பவர் யார்? பாதி எழும்பிய கட்டடத்துக்குப் பின்னால் தகர ஷீட் அடித்து, அதற்குள் சோறு பொங்குகிறவர்தானே?

நம் மண்ணில் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தபோது, இந்தத் தென் திருவிதாங்கூரில் ஆளை ஆள் விற்கலாம். அடிமை முறையை ஒழிக்கும் அரச ஆணை வந்தது 1855-ல். நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்ற ஆணைக்கு 1859 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. பொது வழியில் நடக்க உரிமை இல்லாதவர்கள் 'சத்திரத்தில் இடமில்லை' என்று உபதேசியார் வாசிக்கக் கேட்டபோது, அந்த வரிக்கு அவர்களுக்கு உரை தேவைப்பட்டிருக்காது. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன். இன்று வரிசையில் யார் 'வேறு' என்று கணக்கெடுக்கும் இடத்துக்கு நாம் வந்துவிட்டோம்.

குடில் விஷயம். தமிழ்நாட்டுப் பக்கம் குடில். உங்கள் பக்கம் மலையாளத்தில் புல்கூடு. நல்ல சொல், புல் அதற்குள்ளேயே இருக்கிறது. போட்டிக்கு வைப்பதில் தெர்மாகோல் மலையும் மோட்டார் அருவியும் இருக்கும், புல்லைத்தான் தேட வேண்டும். அசிசி பிரான்சிஸ் 1223-ல் கிரேச்சியோ என்ற இத்தாலியச் சிற்றூரில் இந்த வழக்கத்துக்கு வழிகாட்டியபோது அவர் ஏற்பாடு செய்தது கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. முதல் பரிசு யாருக்கு என்ற பேச்சே அங்கே இல்லை.

டிசம்பரே கூத்தடிக்கிற மாதம் என்று நினைக்காதீர்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு இருபத்தைந்து நாள் நோன்பு உண்டு. மீனும் இறைச்சியும் விட்டு, கிறிஸ்துமஸ் அன்றுதான் முடிப்பார்கள். கத்தோலிக்கர்களும் சி.எஸ்.ஐ.காரர்களும் பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாகக் காத்திருக்கிறார்கள். பண்டிகை முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது அரசன் கொன்ற குழந்தைகளின் நினைவுநாள். பெத்லகேம் குடும்பம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடிய கதையும் அதோடு சேர்ந்ததுதான். களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பிழைக்கப் போய் வருகிற நமக்கு, எல்லை கடக்கிற குடும்பத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்டார் தொங்கட்டும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. டிஜே எனக்கும் ஆகாது; ஆனால் அது காது சம்பந்தப்பட்ட விவகாரம். அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். அன்று வரிசையில் வந்து நின்ற அந்த வடநாட்டுக்காரர்களுக்குக் கேக் கிடைத்ததா? அதை எழுதாமலேயே கடிதத்தை முடித்துவிட்டீர்களே.