எஸ்.ஐ.பி.யில் வந்த லாபம் உண்மையில் எத்தனை சதவீதம்?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. கட்டுகிறேன். கட்டியது 1,20,000, இன்றைய மதிப்பு 1,33,000. லாபம் 10.8 சதவீதம், இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 5.4தான் வருகிறது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யிலேயே 6.7 கிடைக்குமே, இதை நிறுத்திவிட்டு அதில் போடு என்கிறார் என் அண்ணன். ஆனால் செல்போன் ஆப்பில் 10.2 என்று காட்டுகிறது. எது சரி? மாங்காய் சீசனில் தோட்டத்துப் பணம் வரும்போது கூடுதலாகவும் போடலாம் என்றிருக்கிறேன். கணக்கு குழம்பிவிடுமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆப் காட்டுவதுதான் சரி. அண்ணன் சொன்னார் என்று அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் போட்ட கணக்கில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

அந்த 1,20,000 ரூபாயும் இரண்டு வருடம் ஃபண்டில் இருந்ததா? இல்லை. முதல் தவணை மட்டும்தான் 24 மாதம் இருந்தது, அடுத்தது 23 மாதம், இப்படியே குறைந்துகொண்டு வந்து கடைசித் தவணை போய் ஒரு மாதம்தான் ஆகிறது. சராசரி பார்த்தால் உங்கள் பணம் சுமார் பன்னிரண்டரை மாதம்தான் உள்ளே இருந்திருக்கிறது. அதாவது 10.8 சதவீதம் என்பது கிட்டத்தட்ட ஒரு வருடத்தில் வந்த லாபம். அதைப் போய் இரண்டால் வகுத்தால் பாதி காணாமல் போகத்தானே செய்யும்?

அண்ணனிடம் இதைக் காட்டுங்கள். இதே 5,000 ரூபாயை இதே 24 மாதம் 6.7 சதவீத ஆர்.டி.யில் கட்டியிருந்தால் கைக்கு வருவது சுமார் 1,28,700. லாபம் 8,700, அதாவது 7.25 சதவீதம். அதையும் இரண்டால் வகுத்துப் பாருங்கள், 3.6தான் வரும். ஆர்.டி.க்கு ஒரு அளவுகோல், ஃபண்டுக்கு வேறு அளவுகோல் என்று வைத்துப் பார்த்ததால்தான் இவ்வளவு குழப்பம். ஒன்று மட்டும் உண்மை, ஆர்.டி.யில் வட்டி உறுதி, ஃபண்டில் அப்படி எந்த உறுதியும் இல்லை, அடுத்த வருடம் இதே எண் மைனஸில் கூடப் போகலாம்.

ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதியில் போனது என்று பார்த்து வருட விகிதத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று பெயர். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு வரிசையில் தேதி, பக்கத்தில் தொகை. உங்கள் கையிலிருந்து போன பணத்துக்கெல்லாம் முன்னால் மைனஸ் போடுங்கள். கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும், அதற்கு மைனஸ் வேண்டாம். அப்புறம் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். ஃபங்ஷனுக்குள் முதலில் தொகைகளையும் பிறகு தேதிகளையும் கொடுத்தால் விடை வந்துவிடும்.

மாங்காய்ப் பணத்துக்கும் இதேதான். ஜூலையில் 20,000 போட்டீர்களா, அந்தத் தேதியோடு ஒரு வரி சேருங்கள். ஒரு மாதம் தவணை கட்ட முடியவில்லையா, அந்த வரியை விட்டுவிடுங்கள். நடுவில் கொஞ்சம் எடுத்தால் அந்தத் தொகையை மைனஸ் இல்லாமல் எழுதுங்கள். விவசாய வருமானம் உள்ள வீட்டில் பணம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது, அதற்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது.

ஆனால் ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாதபோது இந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். மூன்று தவணை கட்டி 15,000 ரூபாய் 15,450 ஆகியிருந்தால் லாபம் 3 சதவீதம்தான், எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். அதை வருடக் கணக்குக்கு மாற்றி 19 சதவீதம் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். பங்குச் சந்தை ஃபண்டுக்கு இரண்டு வருடமே குறைவுதான், ஐந்து வருடமாவது போகட்டும்.

ஃபண்ட் விளம்பரத்தில் வரும் 3 வருட, 5 வருட லாபம் பொதுவாக மொத்தமாக ஒரே நாளில் போட்ட பணத்துக்கானது, அதோடு உங்கள் 10.2ஐ ஒப்பிடாதீர்கள். ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் எஸ்.ஐ.பி.க்குத் தனி அட்டவணை இருந்தால், ஃபண்டின் எண்ணையும் அது தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் சந்தைக் குறியீட்டின் (நிஃப்டி மாதிரி) எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலைந்து வருடம் குறியீட்டுக்குக் கீழேயே இருந்தால் அப்போது ஃபண்டை மாற்ற யோசிக்கலாம். நிர்வாகச் செலவைத் தனியாகக் கழிக்க வேண்டாம், ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பான என்.ஏ.வி.யிலேயே கழித்துவிடுகிறார்கள்.

தேதிகள் ஞாபகம் இல்லையென்றால் ஃபண்டுகளுக்காக முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால் கணக்கு அறிக்கை மெயிலுக்கு வரும். அதில் ஒவ்வொரு தவணையும் 4,999.75 என்று இருக்கும், பயப்படாதீர்கள். 2020 ஜூலையிலிருந்து பிடிக்கிற முத்திரைத் தீர்வை அந்த 25 காசு. உங்கள் கையிலிருந்து போனது 5,000, அதையே எழுதுங்கள்.