மிலு மானும் மெட்டாசெக்குயா மரமும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: மானையும் மரத்தையும் ஏன் சார் ஒப்பிடுகிறீர்கள்?

இரண்டும் சீனாவில் மயிரிழையில் தப்பியவை. மிலு மான் காட்டில் எப்போதோ அற்றுப்போய், பெய்ஜிங்குக்குத் தெற்கே அரச வேட்டைத் தோட்டத்தில் மட்டும் இருந்தது. 1865இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஆர்மான் டாவிட் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டார். மரத்தின் கதை நேர் எதிர். 1941இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகெரு மிகி, அழிந்துபோன மரம் என்று நினைத்து, அதன் புதைபடிவத்துக்குத்தான் மெட்டாசெக்குயா என்று பெயர் வைத்தார். ஆனால் ஹூபே மாகாணத்தில் ஒரு கிராமத்தார் உயிரோடு நின்ற அதே மரத்தின் அடியில் சிறு கோயில் கட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

கேள்வி: இந்த மரமும் அமெரிக்கச் சதுப்புநில மரமான பால்ட் சைப்ரஸும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே அண்ணா?

ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிரே ஜோடியாக நின்றால் மெட்டாசெக்குயா, மாறி மாறி நின்றால் சைப்ரஸ். ஊசியிலை மரம்தான், ஆனாலும் இலையுதிர்காலத்தில் செம்பழுப்பாகி, குச்சியோடு சேர்த்தே உதிர்த்துவிடும்.

கேள்வி: மானும் எதையாவது உதிர்க்குமா?

கொம்பை. சிவப்பு மான் வசந்தத்தில் உதிர்க்கும், மிலு குளிர்காலத்தில். சீனப் பேரரசர் சியன்லுங் தோட்டத்துக்கு ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லி, மான் கொம்பு உதிர்க்கும் காலம் பற்றிய நாட்காட்டிக் குறிப்பையே திருத்தினார். கொம்பின் கிளைகள் பின்பக்கம் நீண்டு, யாரோ திருப்பி மாட்டிவிட்டது போல இருக்கும். குளம்பு மாட்டுடையது மாதிரி அகலம், சதுப்பில் புதையாது.

கேள்வி: எதற்கு ஆபத்து அதிகம்?

மானுக்குத்தான். மரத்துக்கு உறையில் போட்ட விதை போதும். 1948 ஜனவரியில் அமெரிக்காவின் ஆர்னால்டு மரப்பூங்காவுக்கு வந்த விதைகள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் போயின. சொந்த மண்ணில் 5,000 மரங்களுக்கு மேல் நிற்கின்றன. மானை அப்படி அனுப்ப முடியுமா? 1890களில் வெள்ளம் மதிலை உடைத்தது, வெளியே ஓடியவற்றைப் பசித்தவர்கள் தின்றார்கள். மிச்சமும் 1900இல் அந்நியரை எதிர்த்து எழுந்த பாக்சர் கலவரத்தில் தீர்ந்தது. அதற்கு முன்பே ஐரோப்பாவுக்குப் போயிருந்தவற்றிலிருந்து இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபு சேர்த்து வைத்த 18 மான்கள்தான் இன்றைய மந்தைகளுக்கு மூலம். 1985இல் அதே பெய்ஜிங் தோட்டத்துக்குத் திரும்பின.

கேள்வி: இனி காட்டுக்குப் போகவே போகாதா?

போய்விட்டது, அதுவும் வெள்ளத்தால்தான். 1998இல் யாங்சி பெருகியபோது ஹூபேயின் ஷிஷோ காப்பகத்திலிருந்து சில மான்கள் நீந்தித் தப்பின. யாரும் விரட்டிப் பிடிக்கவில்லை. இப்போது அங்கே வேலி இல்லாமல் குட்டி போட்டுத் திரிகின்றன.