லுத்தரன் உலகக் கூட்டமைப்பு: வாசகர் கேள்விகள்

கே: ஜெனீவாவில் இருப்பவர்தான் உலக லுத்தரன் சபைகளுக்கெல்லாம் தலைவரா?

ப: இல்லை. ஜெனீவாவில் இருப்பது மார்ட்டின் லூதர் வழிவந்த சபைகளின் கூட்டமைப்பான லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் அலுவலகம், அதை நடத்துபவர் பொதுச் செயலர். எஸ்தோனியாவின் அன்னே புர்கார்ட் 2021இல் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண். கூட்டமைப்பில் சுமார் 150 சபைகள், ஏறக்குறைய 8 கோடி பேர். ஒவ்வொரு சபையும் தன் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பலமுறை எழுதிவிட்டேன்: கூட்டமைப்பு சபைகளுக்கு மேலதிகாரி அல்ல.

கே: கூட்டமைப்பு தொடங்கிய ஆண்டு 1948, இடம் ஆம்ஸ்டர்டாம். நீங்கள் 1947 என்று எழுதியது தவறு.

ப: நீங்கள் சொல்வது பல சபைப் பிரிவுகளும் சேர்ந்த உலகத் திருச்சபைகள் மன்றம். நான் எழுதியது 1947இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கிய லுத்தரன் கூட்டமைப்பு. பெயரை முழுதாகப் படித்துவிட்டுத் திருத்த வாருங்கள்.

கே: ஆத்துமாக்களைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு அகதி முகாமில் என்ன வேலை?

ப: இரண்டாம் உலகப் போர் முடிந்த அந்த நாட்களில் உலக லுத்தரன்களில் ஆறில் ஒருவர் அகதி. அவர்களுக்கு உதவத்தான் சபைகள் முதலில் கைகோத்தன. இன்று கூட்டமைப்பு உதவும் கென்யாவின் காக்குமா அகதி முகாமில் இருப்பவர்களிடம் யாரும் எந்தச் சபை என்று கேட்பதில்லை. எருசலேமில் ஒலிவ மலைமேல் உள்ள அகஸ்டா விக்டோரியா மருத்துவமனையும் கூட்டமைப்புடையதுதான். பாலஸ்தீனப் புற்றுநோயாளிகளுக்கு அது பெரிய ஆதரவு.

கே: மேலதிகாரி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் தென்னாப்பிரிக்க விஷயத்தில் தலையிட்டது அரசியல்தானே?

ப: அடிக்கடி வரும் கேள்வி, ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. நடந்ததைப் பாருங்கள். தோல் நிறத்தைப் பார்த்து விசுவாசிகளைப் பிரித்து, ஒரே திருவிருந்தில் சேரவிடாத சபைகள் அங்கே இருந்தன. 1977இல் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் கூடிய கூட்டமைப்பின் பேரவை, இனஒதுக்கலை நிராகரிப்பது விசுவாச அறிக்கையையே தொட்ட விஷயம் என்று அறிவித்தது. அதாவது, இதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம் என்று விட்டுவிட முடியாது. ஏழு ஆண்டுகள் பொறுத்த பிறகு, 1984இல் புடாபெஸ்டில், தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமை நிறுத்திவைக்கப்பட்டது. யார் நிர்வாகத்தையும் கைப்பற்றவில்லை, யார் சொத்தையும் தொடவில்லை. திருவிருந்தில் பாகுபாடு காட்டிக்கொண்டே எங்களோடு ஐக்கியத்தில் இருக்க முடியாது என்று சொன்னார்கள், அவ்வளவுதான். பின்னர் அந்தத் தடை நீங்கியது.

1970ஐயும் சேர்த்துப் பாருங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் கூட வேண்டிய பேரவை, அங்கே ராணுவ ஆட்சியின் சித்திரவதைகளை முன்னிட்டுக் கடைசி நேரத்தில் பிரான்சின் எவியானுக்கு மாறியது. எந்தப் பேரவை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பார்க்காமல் 'அரசியல்' என்று முத்திரை குத்தாதீர்கள்.

கே: 1999 ஆக்ஸ்பர்க் பிரகடனத்தோடு கத்தோலிக்கரும் நாமும் ஒன்றாகிவிட்டோமா?

ப: இல்லை. கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்திட்ட அந்தப் பிரகடனம், நீதிமானாக்கப்படுதல், அதாவது தேவன் பாவியை நீதிமானாக ஏற்பது, பற்றிய அடிப்படை உண்மைகளில் மட்டும் உடன்பாடு. ஒரே பீடத்தில் திருவிருந்து எடுக்க இன்னும் வழியில்லை.

கே: அமெரிக்க லுத்தரன் சபையான மிசூரி சினாடு கூட்டமைப்பின் உறுப்பினரா?

ப: இல்லை.

கே: முன்னோர் செய்ததற்கு 2010இல் மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் கூட்டமைப்பு ஏன் மன்னிப்பு கேட்டது?

ப: முன்னோர் விஷயம் மட்டும் அல்ல. மெனோனைட்டுகளின் முன்னோரான, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்டுகளைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை இன்றும் நம் விசுவாச அறிக்கை. லூதரும் அவருடைய உடன் சீர்திருத்தவாதி மெலாங்தனும் அனபாப்டிஸ்டுகளுக்கு மரண தண்டனையைக்கூட ஆதரித்தார்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.