பயணப் பெட்டியில் மருந்து: வாசகர் கேள்வி – பதில்

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர், மலேசியா கிளம்பும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் அப்பா அம்மாவை மலேசியா அழைத்துப் போகிறோம். அப்பாவுக்கு 68 வயது, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "மாந்தோப்பு வெயிலிலேயே கிடந்தவன், அந்த ஊர் வெயில் என்னை என்ன செய்யும்" என்கிறார். பத்துமலைப் படி ஏற வைக்கலாமா? — வாசகி, வேப்பனப்பள்ளி

அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறதம்மா. சித்திரை வெயிலில் காய் பறித்துக் கூடை தூக்கிய உடம்பு அது. ஆனால் நம் பக்கம் அடிப்பது வறண்ட வெயில். வியர்த்த உடனே காற்று அதை உலர்த்திவிடும். வியர்வை உலரும்போதுதான் உடம்பின் சூடு இறங்கும். கோலாலம்பூரில் காற்றே ஈரமாக இருக்கும். அங்கே வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், உலராது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே சூடு அப்படியே நிற்கும். செல்போனில் பார்த்தால் 32, 33 டிகிரி என்றுதான் காட்டும். நம் ஊரில் 39 பார்த்தவர்களுக்கு அது ஒரு வெயிலாகவே தோன்றாது. பெரியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடைக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன், மாத்திரைக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

புது ஊர்ச் சூட்டுக்கு உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நீங்கள் அதற்குள் திரும்பிவிடுவீர்கள். அதனால் முதல் இரண்டு நாள் திட்டத்தைக் காலியாக வையுங்கள். காலையிலும் மாலையிலும் சுற்றுங்கள், மதியம் அறையில் படுத்திருங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அப்பாவைத் தினமும் நடக்கச் சொல்லுங்கள். ஓசூர்ப் பக்கம் போகும் நாளில் சந்திரசூடேஸ்வரர் கோயில் படியை மெதுவாக ஏறிப் பார்க்கட்டும். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சில் பாரம் தெரிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தெரிந்தால் டாக்டரைப் பார்த்த பிறகுதான் டிக்கெட்.

அப்புறம் அந்த பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது நீர் பிரிக்கும் மருந்து. வியர்வையிலும் நீர் போய், மருந்தாலும் போனால், உட்கார்ந்து எழும்போது கண் இருட்டும். அட்டையோடு போய் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது.

பத்துமலையில் 272 படிகள், நல்ல செங்குத்து. கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கோமுட்டர் என்ற புறநகர் ரயில் அடிவாரம் வரைக்கும் போகும். வெயில் ஏறுவதற்குள் படியில் கால் வைத்துவிடுங்கள். நடுவில் வரும் சமதளம் ஒவ்வொன்றிலும் நின்று இரண்டு மடக்கு தண்ணீர் குடிக்கட்டும். பிளாஸ்டிக் பையில் தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு ஏறினால் குரங்கு பையைத்தான் பிடித்து இழுக்கும். கீறினாலோ கடித்தாலோ உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று ஊருக்கு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். 42.7 மீட்டர் உயர முருகன் கீழேதான் நிற்கிறார். அப்பாவால் முடியாவிட்டால் அங்கேயே கும்பிட்டுவிட்டு, அடிவாரக் கோயில்களைப் பார்த்துக்கொண்டு நிழலில் உட்காரலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

பெரியவர்கள் பேச்சு குழறினால், ஆளைத் தெரியாமல் விழித்தால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 999 என்ற அவசர எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

கேள்வி: அம்மா காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். விமானத்தில் விடுவார்களா? சித்த மருந்துச் சூரணமும் எடுத்துப்போகலாமா? — வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

விடுவார்கள். டாக்டர் சீட்டு கையில் இருக்க வேண்டும். அதில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும், அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் இருக்கும்படியும் டைப் அடித்து வாங்குங்கள். நம் டாக்டர்களின் கையெழுத்தை வெளியூர் அதிகாரி படிக்க முடியாது.

இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அடியில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. பெட்டி வந்து சேராவிட்டால் அதைவிடக் கஷ்டம். ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைக்காதீர்கள், துணியில் சுற்றிக் குளிர்ப்பையில் வையுங்கள். தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, பாதியை அம்மா பையிலும் பாதியை உங்கள் பையிலும் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும் கடிகாரம். ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசி என்றால், விமானத்தில் தட்டு கைக்கு வந்த பிறகே போடட்டும்.

கடற்கரைக்குப் போனால் அம்மா செருப்பைக் கழற்ற வேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மணல் சுடுவது தெரியாது. இரவில் கொப்புளம் பார்த்த பிறகுதான் தெரியும்.

சூரணத்தைத் தயவுசெய்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். போதைப்பொருளுக்கு மிகக் கடுமையான சட்டம் உள்ள நாடு அது. பெயரில்லாத பொடி எதுவானாலும் சந்தேகம் வரும். லேபிள் ஒட்டிய, சீல் பிரிக்காத டப்பா இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் சூரணம் இல்லாமல் இருக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். தூக்க மாத்திரை, டிரமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து வீட்டில் கிடந்தால் "இருக்கட்டுமே" என்று பெட்டியில் போடவே கூடாது.

கேள்வி: லங்காவி போகிறோம். கொசுவும் அரிப்பும் அதிகம் என்கிறார்களே? — வாசகர், காரிமங்கலம்

டிசம்பரில் லங்காவி நல்ல தேர்வு. அந்த மாதங்களில் மழை அடிப்பது மலேசியாவின் கிழக்குக் கரையில். லங்காவி மேற்குக் கரையில் இருக்கிறது.

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் முன்னும் அதிகம். கொசு கிரீம் லேபிளில் 'டீட்' என்ற கொசு விரட்டும் மருந்து 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். சன்ஸ்கிரீன் போட்டால் அதை முதலில் பூசி, உலர்ந்த பிறகு கொசு கிரீம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். புரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால் மலேசியா போனதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொடை இடுக்கு அரிப்புக்கு ஈரத்துணிதான் காரணம். கடலில் குளித்த உடையோடு உட்காராமல் மாற்றுங்கள், பருத்தி உள்ளாடை கூடுதலாக எடுங்கள். மருந்து வேண்டுமென்றால் வெறும் குளோட்ரிமசோல் கிரீம் போதும். நாலைந்து மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த டியூப்பைக் கேட்டு என் கடைக்கும் வருகிறார்கள், நான் கொடுப்பதில்லை. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் படை இரண்டு மடங்காகப் பரவும்.

கேள்வி: விசா வேண்டாம் என்கிறார்கள், ஆனால் ஒரு இணையதளம் நுழைவு அட்டைக்குப் பணம் கேட்கிறது. விமானம் பெங்களூரில் ஏற வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? — வாசகி, கிருஷ்ணகிரி

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாத அனுமதி 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்றை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்டால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர்தான், ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப்பக்கம் தேவனஹள்ளியில். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டினால் பெரியவர்கள் கழிவறைக்குக்கூட இறங்க முடியாது. டிரைவரிடம் அத்திப்பள்ளியில் திரும்பி, சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டே வழியாகப் போகச் சொல்லுங்கள். விமானம் கிளம்ப ஏழு மணி நேரம் முன்பு வீட்டை விட்டு இறங்குங்கள். வழிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டால் அம்மா அப்பா மாத்திரை நேரம் தவறாது.