கிணற்றுத் தண்ணீரில் ஐதரொட்சில் மூலிகம்: சில கேள்விகளுக்குப் பதில்

ஐதரொட்சில் மூலிகமும் ஐதரொட்சைட்டு அயனும் ஒன்றா? (ஏ.எல். மாணவி, கொக்குவில்)

இல்லை தங்கச்சி, இரண்டையும் குழப்பினால் மேற்கொண்டு எதுவுமே விளங்காது. இரண்டிலும் ஓர் ஒட்சிசன் அணுவும் ஓர் ஐதரசன் அணுவும்தான் (OH). அயனில் ஓர் இலத்திரன் கூடுதலாக இருக்கிறது, அது கரைசலில் நிலைத்திருக்கும். மூலிகத்தில் ஓர் இலத்திரன் சோடியில்லாமல் நிற்கிறது. எதிர்ப்படும் மூலக்கூறிடமிருந்து இலத்திரனையோ ஐதரசன் அணுவையோ பறித்துவிடும். காமாக் கதிர் நீர் மூலக்கூறிலிருந்து ஓர் இலத்திரனைத் தட்டிவிட, மிஞ்சிய நேரயன் பக்கத்து மூலக்கூறுக்கு ஒரு புரோத்தனைக் கொடுத்துவிட்டு மூலிகமாகிறது. இதற்கு ஒரு செக்கனின் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது.

எங்கள் கிணற்றில் பூச்சிமருந்து இறங்கினால் கதிர்வீச்சால் அழிக்கலாமா? (தோட்டக்காரர், மானிப்பாய்)

அழிக்கலாம், கதிர் தண்ணீரில் உண்டாக்கும் ஐதரொட்சில் மூலிகம் மருந்தைத் தாக்கிச் சிதைக்கும். ஆனால் நம்முடைய தண்ணீர் இதற்கு நல்லாக இடைஞ்சல் செய்யும். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அது முழுக்கச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்து வந்தது. அந்தக் கல் கரையும்போது இருகாபனேற்று அயனும் தண்ணீரில் சேரும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் இருகாபனேற்று இருக்கிறதென்று வைத்துக் கணக்குப் போட்டால், பிறக்கிற மூலிகத்தை அதுவே சுமார் 24 மைக்ரோசெக்கனுக்குள் பிடித்துவிடும். மருந்தோ லீற்றருக்கு ஒரு மைக்ரோமோல் அளவில்தான் கிடக்கும். மருந்து மூலிகத்தோடு அறுநூறு மடங்கு வேகமாகத் தாக்கமடைந்தாலும், எண்ணிக்கையில் இருகாபனேற்று ஐயாயிரம் மடங்கு இருப்பதால், எட்டு ஒன்பது மூலிகத்தில் ஒன்றுதான் மருந்துக்குப் போய்ச் சேரும். மற்றவை காபனேற்று மூலிகமாகிவிடும். அதுவும் ஒட்சியேற்றும்தான், ஆனால் ஆள் பார்த்துத்தான் தாக்கும்: அனிலீன், பீனோல் வகைகளை ஓரளவு கெதியாக, மற்றப் பலவற்றை மிக மெதுவாக. அதனால் வடிநீரில் நன்றாக வேலை செய்த முறையை அப்படியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர ஏலாது, முதலில் நம் தண்ணீரில் சோதித்தே ஆகவேண்டும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கிணறு உவர் என்றால்? (வேலணை)

உவர்த் தண்ணீரில் உப்பின் குளோரைட்டு அயன் நிறைய இருக்கும். நடுநிலைத் தண்ணீரில் குளோரைட்டு ஐதரொட்சில் மூலிகத்தைப் பிடித்தாலும் உடனே திருப்பி விட்டுவிடும், அமிலத்தில்தான் தொல்லை. ஐதரொட்சிலுக்குப் பதிலாகச் சல்பேற்று மூலிகம் என்ற இன்னொரு மூலிகத்தைப் பயன்படுத்தினால் கதை வேறு, அது குளோரைட்டிலிருந்து நேரே குளோரீன் அணுவை உண்டாக்கும்.

இவ்வளவு கெதியாக மறைகிறதை யார் கண்டது? (ஆசிரியர், சாவகச்சேரி)

நல்ல கேள்வி சேர். ஐதரொட்சில் மூலிகம் புறஊதாவில் மட்டும், அதுவும் மங்கலாகத்தான் ஒளியை உறிஞ்சும், அதனால் தயோசயனேற்று என்ற உப்பைக் கலந்து அதைப் பிடிக்கிறார்கள். இலத்திரன் கற்றையை ஒரு துடிப்பாகப் பாய்ச்சியதும் 475 நனோமீற்றரில், அதாவது நீல ஒளியில், உறிஞ்சல் சட்டென்று எழுந்து அப்புறம் மெல்ல இறங்கும். கூடவே பூச்சிமருந்தையும் கலந்தால் அதுவும் மூலிகத்துக்குப் போட்டி போட, அந்த உறிஞ்சலின் உயரம் குறையும். மருந்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து வரையும் கோட்டின் சரிவிலிருந்து வேகமாறிலி, அதாவது தாக்கம் எவ்வளவு கெதி என்று சொல்லும் எண், வரும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இன்னொன்று. ஐதான கரைசலில் 100 இலத்திரன் வோல்ற்றுச் சக்திக்கு ஏறக்குறைய 2.7 ஐதரொட்சில் மூலிகம் கிடைக்கும், கூடவே ஏறக்குறைய அதேயளவு நீரேறிய இலத்திரனும், அதாவது நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும் இலத்திரனும், வரும். 1962இல் ஹார்ட், போக் என்ற இரு விஞ்ஞானிகள் நிறமாலையில் கண்டது அந்த இலத்திரனைத்தான். தண்ணீரைச் சிரிப்பூட்டும் வாயுவால் நிரப்பினால் இலத்திரன்களும் ஐதரொட்சில் மூலிகங்களாக மாறி, விளைவு இரட்டிப்பாகிவிடும்.

கதிரூட்டிய தண்ணீர் கதிர்த்தொழிற்பாடுடையதாகுமா? (குப்பிழான்)

கோபாற்று-60இன் காமாக் கதிரால் ஆகாது, அணுக்கருவை மாற்ற அதன் சக்தி போதாது. மூலிகங்களும் கதிரை நிறுத்தியதும் ஒரு கண்சிமிட்டலுக்குள் போய்விடும், கொஞ்சம் ஐதரசன் பேரொட்சைட்டு மட்டும் மிஞ்சும்.