பழைய பெர்ஃபார்மன்ஸ் காருக்கு நான்கு பிஸ்டன் பிரேக் கிட் போடலாமா?

இருபத்தைந்து வயதுக் கார், மலையிறக்கத்தில் பிரேக் நம்பும்படி இல்லை, நான்கு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் உள்ள கிட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடுதான் டிஸ்க். பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டன்களால் அதன்மேல் அழுத்துவது காலிப்பர்.) இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். எந்தக் கிட் நல்லது என்று ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பிரேக் பிடிக்காதபோது பெடல் எப்படி இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா, அல்லது பெடலே தொய்ந்து கீழே போனதா?

முதலாவது என்றால் பேட் சூடாகி உராய்வை இழக்கிறது. இரண்டாவது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது, அல்லது எங்கோ காற்று இருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

என்னுடையது 1997 மாடல் பி.எம்.டபிள்யூ. இ36 எம்3. முன்பக்கம் 315 மி.மீ. டிஸ்க், ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். வாங்கிய முதல் வருடம், நீண்ட மலையிறக்கம் ஒன்றில் ஏழெட்டு வளைவுகள் ஒழுங்காகப் போன வண்டி அடுத்த வளைவுக்கு முன்னால் கைவிட்டது. மிதித்த பெடல் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துத்தான் நிறுத்தினேன். பக்கத்தில் மனைவி இருந்தார். வீடு போய்ச் சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவே முடிவு செய்துவிட்டேன்: இந்தக் காருக்கு ஒற்றைப் பிஸ்டன் போதாது. கிட் வாங்கினேன். பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன், சிவப்புப் பெயின்ட். காலிப்பர் சக்கரத்தின் ஆரக்கால்களில் இடித்ததால் சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளிவைக்கும் 12 மி.மீ. ஸ்பேசரும், அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளும் வாங்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாரம் அருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் அதே மலையில் பெடல் மறுபடியும் பாதி தூரம் தொய்ந்து போய்த்தான் பிடித்தது.

அன்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் மற்ற மூன்றையும்விட அனல் அதிகம். அப்போதுதான் புத்தியில் பட்டது. கிட் மாட்டியவர் முன்பக்கம் மட்டும்தான் ஏர் எடுத்திருக்கிறார், அதாவது குழாயிலுள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றியிருக்கிறார். பின்பக்கத்தைத் தொடவே இல்லை. மறுநாள் பின் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தேன். வெளியே வந்தது பிரேக் ஆயில் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கறுத்திருந்தது. அந்தப் பக்க ரப்பர் ஹோஸை வெட்டிப் பார்த்தால் உள்சுவர் உப்பி, துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதிக்கும்போது அழுத்தம் எப்படியோ உள்ளே போய்விடுகிறது, காலை எடுத்தால் திரும்பி வருவதில்லை. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் பழைய ஆயில் கொதித்தது. நான் பணத்தைக் கொட்டியது முன்பக்கம், நோய் பின்பக்கம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. 120 கி.மீ. வேகத்தில் போகும் ஒன்றரை டன் காரை ஒரு தடவை நிறுத்துவதில் கிளம்பும் வெப்பம், சாதாரணத் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். மலையில் அதை எத்தனை தடவை செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. நான் வழக்கமாகப் போன ஒர்க்‌ஷாப்பின் பில்லில் "பிரேக் ஆயில் மாற்றப்பட்டது" என்று தெளிவாக எழுதி, அதற்குப் பணமும் வாங்கியிருந்தார்கள். ஒன்பது மாதத்துக்குள் ஆயில் அப்படிக் கறுக்காது. கேட்டதற்கு, பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதே இடத்தில் சக்கர போல்ட்டுகளை ஏர் கன்னால் இறுக்கியே கொடுப்பார்கள். இந்தக் காருக்கு 100 நியூட்டன் மீட்டர் போதும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினால் ஐந்து நிமிட வேலை. ஒருநாள் மழையில் டயர் பஞ்சராகி, வண்டியோடு வந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற முடியவில்லை. பின் இருக்கையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அன்றிலிருந்து என் காரின் சக்கரத்தை வேறு யாரையும் தொட விடுவதில்லை.

கிட் கடைசியில் என்ன ஆனது என்றால், விற்றுவிட்டேன். பின்பக்கத்தைச் சரி செய்த பிறகு, ஆளில்லாத நீண்ட தளத்தில் 100 கி.மீ. வேகத்திலிருந்து திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். முன்பு இருந்ததைவிடத் தூரம் குறையவே இல்லை. முன் சக்கரங்கள் சீக்கிரமே சுழலாமல் பூட்டப் பார்த்தன, அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அவசரப்பட்டு வேலை செய்தது. முன்பக்கம் மட்டும் பலம் கூடியதால் பின்பக்கம் தன் பங்கைச் செய்யவில்லை. போதாததற்கு டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் (முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும்) டயருக்கு ஒன்பது வயது. ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், அதற்குமேல் ஒரே நிறுத்தத்தில் தூரத்தைக் குறைக்க வேண்டியது டயர்தான். பிஸ்டன் எண்ணிக்கையை வைத்துப் பலத்தைச் சொல்ல முடியாது. பிஸ்டனின் பரப்பு, டிஸ்க்கின் ஆரம், பேட்டின் உராய்வு, இவைதான் கணக்கு.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள், தெரியும். சுற்றுக்குச் சுற்று முழு வேகத்தில் அடித்து ஓட்டுபவருக்குப் பெரிய டிஸ்க் அவசியம். அதிக எடை அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், அதிகப் பரப்பு அதைக் காற்றில் விடவும் உதவும். கிட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருப்பதைப் பழையபடி புதிதாக்காமல் அதன்மேல் கிட் போடாதீர்கள் என்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, சொந்தக் காரில் பட்டதை எழுதுகிறேன்.

இப்போது என் காரில் இருப்பது: கம்பெனி காலிப்பர்களே, சீல் மாற்றியவை. காலிப்பர் நகர்வதற்கான கைடு பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன, அவற்றையும் மாற்றியாயிற்று. நான்கு மூலைக்கும் புது ஹோஸ், புது டிஸ்க், சூடு தாங்கும் ரகப் பேட், புது டயர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 ஆயில். கிட்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. அதே மலையில் அதற்குப் பிறகு பலமுறை இறங்கியிருக்கிறேன், கடைசி வளைவுவரை பெடல் ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றதோடு சேராது. டாட் 5.1 வேறு, அதை ஊற்றலாம்.

நீங்களே ஏர் எடுப்பதாக இருந்தால் பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதென்றால், அதில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதி துருப்பிடித்திருக்கலாம். சீல் அங்கே போய் உரசினால் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஹோஸ் மாற்றப் போகும் முந்தைய இரவே குழாய் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே உள்ள ஃப்ளேர் நட் ஸ்பேனரைப் போடுங்கள். என் காருக்கு 11 மி.மீ., உங்களுடையதை அளந்து பார்த்து வாங்குங்கள்.