செக் வந்தது, பணமும் ஏறிவிட்டது… அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறேன். பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு, "பேராசிரியருக்கு ஆன்லைன் உதவியாளர் தேவை, வாரம் 400 டாலர்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்ததும் தபாலில் 2,850 டாலருக்கு ஒரு கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் செக்) அனுப்பினார்கள். மொபைலில் படம் எடுத்து டெபாசிட் செய்தேன். என் முதல் வாரச் சம்பளம் 400 போக, மீதி 2,450-ஐ அலுவலகப் பொருட்கள் தரும் சப்ளையருக்கு ஸெல் (வங்கி ஆப் வழியே பணம் அனுப்பும் சேவை) மூலம் அனுப்ப வேண்டுமாம். டெபாசிட் செய்து இரண்டு நாள் ஆகிறது, வங்கி ஆப்பில் முழுத்தொகையும் தெரிகிறது. "இன்றே அனுப்பு" என்று மெசேஜ் மேல் மெசேஜ் வருகிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். "சரி, இப்போதைக்குப் பாதி அனுப்பு" என்று இறங்கி வந்தால் அந்தப் பாதியும் வேண்டாம். உங்கள் கையில் இருப்பது மோசடிச் செக். அதைப் பார்க்காமலே இவ்வளவு உறுதியாகச் சொல்ல, அவர்கள் கொடுத்த வேலையே போதும். முன்பின் தெரியாத ஒருவர் செக் கொடுத்து, அதில் ஒரு பகுதியை மூன்றாவது ஆளுக்கு அனுப்பச் சொல்ல நியாயமான காரணம் எதுவும் கிடையாது. பொருள் வாங்கும் அலுவலகம் சப்ளையருக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிடும். நேற்றுச் சேர்ந்த மாணவரின் சொந்தக் கணக்கைச் சுற்றிக்கொண்டு போகாது.

இன்றே வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். செக், அது வந்த உறை, மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். போக முடியாவிட்டால் டெபிட் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணை அழையுங்கள். "இது மோசடிச் செக் என்று சந்தேகப்படுகிறேன், இந்தப் பணத்தை நான் தொடவில்லை, தொகையை நிறுத்தி வையுங்கள்" என்று சொல்லுங்கள். யாரிடம் பேசினீர்கள், எப்போது, புகார் எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். செக் திரும்பி வரும் நாளில், நீங்கள் ஏமாற்றப்பட்டவர், கூட்டாளி இல்லை என்று காட்ட அந்தக் குறிப்பு உதவும்.

அங்கே "செக் பாஸாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நீங்கள் பார்த்த அதே இருப்பை ஊழியரும் தன் திரையில் பார்த்து "ஆகிவிட்டது" என்று சொல்லிவிடக்கூடும். பலர் பணத்தை அனுப்பியது இந்த ஒரு சொல்லை நம்பித்தான். கேட்க வேண்டியது வேறு: "செக்கை வழங்கியதாக எழுதியிருக்கும் வங்கி இறுதியாகப் பணம் கொடுத்துவிட்டதா? இது இனியும் திரும்பி வர வாய்ப்பு உண்டா?"

பணம் ஏன் தெரிகிறது என்றால், சட்டம் அப்படி. வாடிக்கையாளர் போட்ட செக்கை வங்கிகள் வாரக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது என்று 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்துவது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ரெகுலேஷன் சிசி என்ற விதி. அதன்படி சாதாரணச் செக்கில் முதல் 275 டாலரை அடுத்த வேலை நாளே எடுக்க விட வேண்டும். 2025 ஜூலைக்கு முன் இது 225 ஆக இருந்தது. மீதியைப் பொதுவாக இரண்டாவது வேலை நாளில் விட வேண்டும். கேஷியர்ஸ் செக்கை அதன் பயனாளியே கவுன்டரில் நேரில் போட்டால், அடுத்த வேலை நாளே முழுத்தொகையும் கிடைக்க வேண்டும். ஒரே நாளில் போட்ட செக்குகளின் மொத்தம் 6,725 டாலரைத் தாண்டினாலோ, கணக்குத் தொடங்கி 30 நாள் ஆகாவிட்டாலோ, செக் மீது நியாயமான சந்தேகம் இருந்தாலோ வங்கி கூடுதல் நாள் நிறுத்தி வைக்கலாம். மொபைல் டெபாசிட்டுக்கு அந்தந்த வங்கியின் ஒப்பந்தம்தான் கணக்கு என்றாலும், பல வங்கிகள் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான் பணத்தைக் காட்டுகின்றன.

ஆக, இப்போது உங்கள் ஆப்பில் தெரிவது செக்கின் பணம் இல்லை. செக் நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கையில் உங்கள் வங்கி தன் கையிலிருந்து கொடுத்த முன்பணம். செக் திரும்பினால் அதை உங்கள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும் உரிமையை மாநிலங்கள் ஏற்றுள்ள யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் 4-214 பிரிவு வங்கிக்குத் தருகிறது. நீங்கள் 2,450-ஐ அனுப்பியிருந்தால், 2,850 மொத்தமும் கழிக்கப்படும். போனது உங்கள் சொந்தக் காசு. செக் திரும்பியதற்கான கட்டணம் தனி. இருப்பு மைனஸில் போய் வாடகையும் ஃபீஸும் பவுன்ஸ் ஆகலாம். கடன் அடையாமல் வங்கி கணக்கை மூடினால் அந்தப் பதிவு, வங்கிக் கணக்கு வரலாற்றைத் தொகுக்கும் செக்ஸிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தில் ஐந்து ஆண்டு வரை இருக்கும், வேறு வங்கியில் கணக்குத் தொடங்குவதும் கஷ்டமாகிவிடும்.

நம் ஊரிலிருந்து போனவர்கள் இதில் சிக்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. இந்தியாவில் பொதுவாகச் செக் பாஸான பிறகுதான் பணம் எடுக்கக் கிடைக்கும். அதனால் "பணம் ஏறிவிட்டது" என்றால் விஷயம் முடிந்தது என்றே பழகியிருக்கிறோம். போதாததற்கு, கேஷியர்ஸ் செக் என்றதும் டிடி ஞாபகம் வருகிறது. டிடியைப் போல அதுவும் வங்கியே தன் பெயரில் எழுதித் தருவதுதான், உண்மையானதாக இருந்தால். மோசடிக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதே அந்த மரியாதைக்காகத்தான். அச்சடித்த தாளில் வங்கியின் பெயர் இருப்பதால் மட்டும் அந்த வங்கிக்கு அதோடு தொடர்பு வந்துவிடாது.

"அப்படியானால் எத்தனை நாள் காத்திருந்தால் பயமில்லை?" என்று அடுத்து கேட்பீர்கள். நம்பிச் சொல்லக்கூடிய எண் எதுவும் இல்லை. செக் 21 சட்டம் 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், வங்கிகளுக்கிடையே செக்குகள் பெரும்பாலும் படங்களாகவே போகின்றன. இல்லாத கணக்கின் மீது எழுதிய செக் சில நாளிலேயே திரும்பிவிடும். ஆபத்தானது இன்னொரு வகை. தபால் பெட்டியிலிருந்து திருடிய உண்மையான செக்கில், ரசாயனத்தால் பெயரையும் தொகையையும் அழித்து உங்கள் பெயரை எழுதியிருப்பார்கள். கையெழுத்து நிஜம், கணக்கு நிஜம், அதில் பணமும் இருக்கிறது. வங்கி கொடுத்தும் விடும். கணக்கின் சொந்தக்காரர் மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் புகார் கொடுத்த பிறகே விவகாரம் கிளம்பி, வங்கி விட்டு வங்கி வந்து உங்கள் கணக்கில் விழும். பத்து நாள் பொறுத்துவிட்டு அனுப்பலாம் என்ற கணக்கு உடைவது இங்கேதான்.

செக்கைப் பரிசோதிக்க விரும்பினால் செய்யலாம், ஆனால் விடை ஒரு பக்கம்தான் பயன்படும்: தவறு கண்டால் போலி என்று உறுதி, தவறு இல்லாவிட்டால் எதுவும் உறுதி இல்லை. செக்கின் அடியில் உள்ள, வங்கியை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க ரவுட்டிங் எண்ணை எடுங்கள். 1, 4, 7-ஆம் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். 2, 5, 8-ஆம் இலக்கங்களைக் கூட்டி ஏழால் பெருக்குங்கள். 3, 6, 9-ஆம் இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள். மூன்று விடைகளின் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். உதாரணமாக 123456780 என்ற எண்ணுக்கு 36, 105, 9 என்று வந்து மொத்தம் 150, சரி. கடைசி இலக்கம் 9 ஆக இருந்தால் 159, அப்படி ஒரு எண் இருக்க முடியாது. எண் சரியாக இருந்தாலும் அது செக்கில் அச்சான வங்கிக்கு உரியதா என்று பாருங்கள்; ஒரு வங்கியின் பெயரும் இன்னொரு வங்கியின் எண்ணும் சேர்ந்திருப்பது பழைய தந்திரம், செக் தவறான இடத்துக்குப் போய்த் திரும்பும் தாமதத்தில் அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

இதைவிட நல்ல சோதனை, வழங்கிய வங்கியையே கேட்பது. செக்கில் அச்சிட்ட போன் எண்ணை அழைத்தால் மோசடிக் கும்பலின் ஆளே எடுத்து "ஆமாம், எங்கள் செக்தான்" என்பார். எஃப்டிஐசி என்ற அமெரிக்க அரசு டெபாசிட் காப்பீட்டு அமைப்பின் பேங்க்ஃபைண்ட் பக்கத்தில் வங்கியைத் தேடி, அதன் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுங்கள். செக் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் நான்கையும் சொல்லி, இப்படி ஒன்றை வழங்கினீர்களா என்று கேளுங்கள். பெயரை விட்டுவிடாதீர்கள். வேறு யாருக்கோ கொடுத்த உண்மையான செக்கின் எண்ணை நகலெடுத்திருந்தால், பெயரில்தான் பிடிபடும்.

பேராசிரியர் விஷயமும் அப்படித்தான். பல்கலைக்கழக டைரக்டரியில் உள்ள முகவரிக்கு நீங்களாகவே எழுதிக் கேளுங்கள், வந்த மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். கைப்பற்றப்பட்ட மாணவர் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் முகவரி பல்கலைக்கழகத்துடையதாகவே இருக்கும், அதனால் அது ஆதாரம் ஆகாது. அமெரிக்காவில் முறையாக வேலைக்கு எடுப்பவர், வேலை செய்ய உங்களுக்குத் தகுதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பி, வேலை தொடங்கிய மூன்று வேலை நாளுக்குள் உங்கள் அடையாள ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும். நேர்காணல் இல்லை, ஐ-9 இல்லை, பேச்சு முழுவதும் மெசேஜில், வேலை தொடங்கும் முன்பே சம்பளம் என்றால் அங்கே வேலையே இல்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி தேவை என்பதும் உங்களுக்குத் தெரியும். எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ளும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்பது இந்த மோசடியையும் தடுத்திருக்கும்.

இதே எலும்புக்கூடு வேறு சட்டைகளிலும் வரும். காரில் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டினால் வாரம் பணம், ஸ்டிக்கர் ஒட்டுபவருக்கு நீங்களே அனுப்புங்கள் என்பார்கள். மிஸ்டரி ஷாப்பர் (வாடிக்கையாளர் போல் போய்க் கடையைச் சோதிப்பவர்) வேலை என்று சொல்லி, கிஃப்ட் கார்டு வாங்கிப் பின்புற எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் விற்கும் பழைய சோபாவுக்கு விலையைவிடக் கூடுதலாகச் செக் அனுப்பிவிட்டு, மிச்சத்தை லாரிக்காரருக்குக் கொடுக்கச் சொல்வார்கள். செக்குக்குப் பதில் அமெரிக்க அஞ்சல்துறை மணி ஆர்டர் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உள்நாட்டு மணி ஆர்டர் ஒன்றின் உச்சவரம்பு 1,000 டாலர். அதற்கு மேல் எழுதியிருந்தால் போலி. வெளிச்சத்தில் பிடித்தால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நீர்க்குறி தெரிய வேண்டும்.

இந்தப் பதிலைப் படிப்பதற்குள் யாராவது அனுப்பிவிட்டிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரம் இல்லை, சில மணி நேரம்தான் வாய்ப்பு இருக்கிறது. ஸெல்லில் பெறுபவர் இன்னும் பதிவு செய்யாமல் பணம் நிலுவையில் நின்றால் ரத்து செய்யலாம். பதிவு செய்தவருக்குப் போயிருந்தால் ரத்து செய்ய முடியாது, ஆனாலும் மோசடி என்று வங்கியில் புகார் கொடுங்கள். வயர் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடிப் பணமாற்றம்) என்றால் உடனே திரும்ப அழைக்கக் கோரி, எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் தளமான ஐசி3-யிலும் அன்றே பதிவு செய்யுங்கள். கிஃப்ட் கார்டு என்றால் கார்டையும் ரசீதையும் வைத்துக்கொண்டு அதை வெளியிட்ட நிறுவனத்தை அழையுங்கள். செலவாகாத தொகை முடக்கப்படலாம். ரொக்கத்தைத் தபாலில் வைத்திருந்தால் அஞ்சல் புலனாய்வுப் பிரிவை 877-876-2455-இல் அழைத்து, உறையை வழியில் நிறுத்தக் கேளுங்கள்.

நீங்கள் விண்ணப்பத்தில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுத்திருந்தால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் உங்கள் கிரெடிட்டை (உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்காதபடி) முடக்குங்கள்; 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம். "டெபாசிட்டை நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று வங்கி ஆப்பின் பாஸ்வேர்டை வாங்கியிருந்தால், பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, கணக்கு எண்ணையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

புகாரை ஃபெடரல் டிரேட் கமிஷனின் ரிப்போர்ட்ஃபிராட் டாட் எஃப்டிசி டாட் கவ் தளத்தில் பதிவு செய்யுங்கள். செக் தபாலில் வந்ததால் அஞ்சல் புலனாய்வுப் பிரிவுக்கும், மெயில் வளாகத்துக்குள் வந்ததால் பல்கலைக்கழக ஐடி பிரிவுக்கும் சொல்லுங்கள். அதே மெயில் உங்கள் வகுப்பில் இன்னும் பலருக்குப் போயிருக்கும்.

வங்கி முடிவு சொல்லும் வரை உங்கள் உண்மையான இருப்பு, ஆப் காட்டும் தொகையிலிருந்து 2,850 கழித்தது. வாடகை தானாகக் கழியும் தேதிக்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மெசேஜ் அனுப்புபவர்களுக்கு விளக்கம் எதுவும் தர வேண்டாம். "போலீஸில் சொல்வோம், பணத்தைத் திருடிவிட்டாய்" என்று மிரட்டுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு எண்ணைத் தடுத்துவிடுங்கள். சில வாரம் கழித்து "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வேறொருவர் வந்தால் அதுவும் மோசடிதான். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இப்படி வருவது வழக்கம். செக்கைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வங்கி கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். கேட்காவிட்டால், அதன் பின்பக்கத்தையும் உறையையும் படமெடுத்து, புகார்கள் முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.